சாவி யாரிடம் இருக்கிறது?



நம் மஹல்லாக்களில் எங்கேனும் தீ விபத்து நேர்ந்துவிட்டால், மறுநாள் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. ஒன்று, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்." மற்றொன்று, "ஃபயர் சர்வீஸ்காரன் என்றைக்கு நேரத்துக்கு வந்தான்?" முதல் வாக்கியம் பொறுப்பை விதியின் மேல் ஏற்றிவிடுகிறது. இரண்டாவது அதைத் தீயணைப்பு நிலையத்தின் வாசலில் இறக்கி வைக்கிறது. நடுவில் நிற்கும் நாம் மட்டும் எந்தச் சுமையும் இன்றி வீடு திரும்புகிறோம்.

இவ்விரு வாக்கியங்களும் தப்பித்தலின் வாக்கியங்களே என்பதுதான் நம் வாதம். முதலாவதை மார்க்கமே மறுக்கிறது. இரண்டாவதை நம் தெருக்களே மறுக்கின்றன.

விதியின் பெயரால் ஓர் அலட்சியம்

கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை அலட்சியத்திற்குப் போர்வையாக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியது. அவர்கள் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நெருப்பு மனிதனுக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடும்படி பணித்தார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இன்னொரு முறை எலியொன்று எரியும் திரியை இழுத்துவந்து அவர்கள் அமர்ந்திருந்த விரிப்பில் போட்டது. கருகியது ஒரு திர்ஹம் அளவுதான். அந்தச் சிறு கருகலைக் கண்டபோதும் விளக்குகளை அணைக்கவே கட்டளை பிறந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் உறங்குவதைக்கூட எச்சரித்த மார்க்கம் இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி கற்றுத்தந்த மார்க்கம் இது.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பதே உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் சாரம். இந்த நிகழ்ச்சியை நாம் மாணவர்களுக்கு மனப்பாடமாக நடத்துகிறோம். பாடம் நடக்கும் அறையின் மின்கம்பி தோலுரிந்து தொங்குவதை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தாமதம் யாருடையது?

இரண்டாவது வாக்கியத்திற்கு வருவோம். சென்ற ஆண்டு நம் தெருவிலேயே, மஃரிப் தொழுகை முடிந்த சற்று நேரத்தில், ஒரு வீட்டின் மாடியில் தீப்பிடித்தது. படுக்கையறையில் சார்ஜில் போட்டிருந்த பேட்டரியிலிருந்து கிளம்பிய தீ. முதலில் என்ன நடந்தது தெரியுமா? வீட்டார் மாமாவுக்கும் மச்சானுக்கும் தொலைபேசினர். இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடித்தனர். 101 என்ற எண்ணை ஒருவர் அழைத்தபோது ஏறத்தாழ கால் மணி நேரம் கடந்திருந்தது.

வண்டி வந்தது. ஆனால் தெருமுனையில் நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறத்தாழ எட்டடி. நம் தெருவின் அகலம் பத்திரத்தில் பதினைந்தடி. அந்தப் பதினைந்தில் இரண்டு பக்கமும் நாம் கட்டிய வாசற்படிகள் மூன்றடி. இரு சக்கர வாகனங்கள் நான்கடி. போதாக்குறைக்கு ஒரு நிக்காஹ் பந்தலின் கால் நடுத்தெருவில். மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீரர்கள் குழாய்ச் சுருளைத் தோளில் சுமந்து ஓடிவந்தார்கள். அவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் கூச்சலிட்டு ஏசினார்கள். பெரியவர்கள் தடுக்கவில்லை. நாமும் அன்று வாய் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அல்லாஹ்வின் கருணையால் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு வாரம் சென்றது. வாகனங்கள் அதே இடத்தில் நின்றன. படிகளில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. ஜும்ஆ பயானில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நாம் ஏசிய அந்த மனிதர்கள் யார்? கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்கவும், அடுப்படியில் புகுந்த பாம்பைப் பிடிக்கவும், வெள்ளத்தில் தவிக்கும் குடும்பத்தைப் படகில் ஏற்றவும் நாம் அழைப்பது அவர்களைத்தான். 2017 ஜூலையில் சென்னைக் கொடுங்கையூரில் ஓர் அடுமனையில் தீயை அணைக்கச் சென்ற இடத்தில் சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்கக் கூடி நின்ற பலரும் காயமுற்றனர். 2020 தீபாவளி நாளில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைத்துக்கொண்டிருந்த இரு வீரர்கள் கட்டடம் இடிந்து மாண்டனர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14-ஆம் நாள் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதற்கும் இத்தகைய தியாகமே காரணம். 1944-இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் மடிந்தார்கள். ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்னும் குர்ஆனின் போதனையை மேடைதோறும் முழங்கும் நாம், அதைத் தொழிலாகவே செய்கிறவர்களைக் கண்டால் ஒரு ஸலாமோ வணக்கமோ கூடச் சொல்வதில்லை.

துறையில் குறைகள் இல்லையா என்று கேட்பீர்கள். ஆள் பற்றாக்குறை, பழைய வாகனங்கள், தொலைவில் அமைந்த நிலையங்கள் எனக் குறைகள் பல ஊர்களில் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஜமாஅத் சார்பில் மனுக் கொடுங்கள், சட்டமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டுங்கள். ஆனால் வந்த வண்டிக்கு வழிவிடாத தெருவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி குறைவு.

ஒரு பூட்டின் கதை

இனி நம் சொந்தக் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றும் மத்ரஸாவுக்குத் தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். நிர்வாகத்தினர் சலித்துக்கொண்டனர். "இவங்க எதிர்பார்க்கிறது வேற. ஒரு கவரைக் கொடுத்து அனுப்புங்க" என்று ஒருவர் நம் காதில் முணுமுணுத்தார். வந்தவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்பானின் அழுத்தமானியைப் பார்த்தார். முள் சிவப்பில் கிடந்தது. மாணவர்கள் உறங்கும் கூடத்தின் சன்னல்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் இரும்புக் கம்பி. பின்வாசலுக்குப் போனார். பூட்டு. இரவில் பிள்ளைகள் கடைத்தெருவுக்கு ஓடிவிடக்கூடாதே என்று நாமே வாங்கிப் போட்ட பூட்டு. அவர் கேட்டது ஒரே கேள்வி:

"ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தப் பூட்டோட சாவி யார்கிட்ட இருக்கும்?"

அந்தச் சாவி அப்போது நம் ஜிப்பாவின் பையில் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அது இரண்டு தெரு தள்ளி, நம் வீட்டு ஆணியில் தொங்கும். கூடத்தில் நாற்பது பிள்ளைகள். பெற்றோர் அமானத்தாக ஒப்படைத்த நாற்பது பிள்ளைகள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கும்பகோணம் நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16 அன்று சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, ஒரே பள்ளிக் கட்டடத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவின் நிழலில் நலம் தேடி வந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டார்கள். அவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தீ கண்ணெதிரே வந்தும் எழுந்து ஓட முடியவில்லை. புனித மக்காவும் நினைவுக்கு வந்தது. 2002 மார்ச் 11 அன்று ஒரு பெண்கள் பள்ளியில் 15 மாணவிகள் இறந்தார்கள். வாயில் பூட்டியிருந்தது. அவசர வழி இல்லை. அந்த மாதமே பெண்கல்விக்கான தனி நிர்வாகம் கலைக்கப்பட்டுக் கல்வி அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது.

கூரைகள் வேறு, ஊர்கள் வேறு, நோக்கங்கள் வேறு. ஆனால் வெளியேற வழியில்லாமற் போனதே மரணத்தைப் பெருக்கியது. பிள்ளைகளின் நன்மைக்காகவே பூட்டினோம் என்று மறுமையில் சொன்னால் அந்த விடை ஏற்கப்படுமா?

இங்கே நிஸ்வான் மத்ரஸாக்களின் நிர்வாகிகள் குறுக்கிடுவார்கள். "பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பூட்டு வேண்டாமா?" வேண்டும். வெளியிலிருந்து எவரும் நுழைய முடியாத, உள்ளிருந்து எவரும் ஒரு கையால் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வேண்டும். அத்தகைய தாழ்ப்பாள்கள் கடைகளில் கிடைக்கின்றன. கதவு திறந்தால் ஒலிக்கும் மணியையும் பொருத்தலாம். மானத்தைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஷரீஅத்தின் நோக்கங்களே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பலியிடுவது மார்க்க அறிவு ஆகாது.

சான்றிதழ் தீயை அணைக்காது

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். சான்றிதழ் வாங்கும் நாளில் கடன் வாங்கி மாட்டிய தீயணைப்பான் மறுவாரம் கடைக்குத் திரும்பும் கதைகளும் நாம் அறிந்தவையே. இது அரசை ஏமாற்றும் சாமர்த்தியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஏமாறுவது கூடத்தில் உறங்கும் குழந்தை.

நம் ரமளானை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல் வளாகத்தில் பந்தலுக்கு அருகிலேயே அடுப்பு மூட்டி நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. வலீமாக்களில் பண்டாரி விறகடுப்பின் மேல் பிரியாணிச் சட்டியை ஏற்றும் இடத்திற்குப் பத்தடி தள்ளித் துணிப்பந்தலும் சீரியல் விளக்குகளும். ஒரு வாளி மணல்கூட அருகில் இருப்பதில்லை.

மினாவில் என்ன நடந்தது? 1997 ஹஜ்ஜின்போது கூடாரத் தீயில் 343 ஹாஜிகள் மாண்டார்கள். அதன்பின் எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் எழுந்தன. அவற்றில் நீர் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டன. எரிவாயு அடுப்புகள் தடைசெய்யப்பட்டன. விதியை நம்புகிற சமுதாயம் ஒரு பேரிழப்பிலிருந்து பாடம் கற்றால் செய்ய வேண்டியது இதுதான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சமையல் எரிவாயுவின் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாயு கசியும் வாசனை வந்தால் மின்விசையைத் தொடாதீர்கள். அவ்வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேறப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். 101 அல்லது 112 எண்ணை எல்லா உறவினருக்கும் முன்பாக அழையுங்கள்.

மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மாதத்தில் ஒரு நாள் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தாரைப் பள்ளிவாசலுக்கு அழையுங்கள். தெருவில் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே எவர் வீட்டுப் படி நீட்டிக்கொண்டிருந்தாலும், அது தலைவர் வீட்டுப் படியாகவே இருந்தாலும், அகற்றுங்கள். பாதையிலிருந்து முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால் இந்தப் படியை அகற்றுவது எந்தக் கிளை? கப்பலின் அடித்தளத்தில் ஒருவன் துளையிடும்போது அவனைத் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்ற நபிமொழியின் உவமையை நம் தெரு விட்டு வேறெங்கே தேடுவோம்?

நம் மத்ரஸாவின் பின்வாசலில் இன்று பூட்டு இல்லை. உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் மணி ஒலிக்கும். பிள்ளைகள் வரிசையாக வெளியேறி முற்றத்தில் நின்று எண்ணிக்கை சொல்வார்கள். கடைசியாக எண்ணியபோது நாற்பத்து மூன்று, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பழைய சாவியை நாம் எறியவில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று, உங்கள் வீட்டின், கடையின், பள்ளிவாசலின் பின்கதவைப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

அமானத்துகளைப் பேணுகிறவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! தீயோடு போராடிப் பிறர் உயிரைக் காப்பவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.