கல்வெட்டும் கணக்கும்

பல்துறைக் கருத்தரங்கு என்று அழைப்பிதழில் அச்சாகிறது. மேடையில் நான்கு துறையினர். அவரவர் கட்டுரையை அவரவர் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு பேருந்து ஏறிவிடுகிறார்கள். சோழநாட்டு ஆய்வு இதைவிட நல்ல வழியைக் கண்டிருக்கிறது.

ஆய்வாளர்கள் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுய் மூவரும் 1978இல் சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களுக்கு ஓர் அடைவு வெளியிட்டார்கள். அக்காலத்து ஆட்பெயர் ஊர்ப்பெயர், ‘உடையான்’, தந்தை பெயர், இயற்பெயர், மூவேந்தவேளான் போன்ற பட்டம் என்று நீண்டுகொண்டே போகும். எது பெயர், எது பட்டம், எது நிலவுரிமையின் அடையாளம் என்று பிரிக்காமல் எண்ணவே முடியாது. கல்வெட்டு படிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் ஒரு தனி வழக்கு. எண்ணுபவருக்கோ எல்லா வரிக்கும் ஒரே விதி வேண்டும். இந்த இழுபறிதான் கூட்டாய்வின் உண்மையான வேலை. ஊர்ப்பெயரோடு ‘உடையான்’ சேர்ந்த பெயர்கள் பெருகுவதைக் காட்டி, பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நிலவுடைமை வளர்ந்தது என்று கராஷிமா வாதிட்டார். ஒரு கல்வெட்டை மட்டும் எவ்வளவு நுணுகிப் படித்தாலும் அந்தப் போக்கு தெரிந்திருக்காது.

அத்தகைய கூட்டாய்வுக்கு இன்று தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆய்வு நிலையம். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி. பிராமணர்க்குக் கொடையாகத் தந்த பிரமதேய ஊர்களின் கல்வெட்டுகள் வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் என்று வயலுக்கு முகவரி எழுதிவைத்திருக்கின்றன. எழுத்தைப் படிக்கக் கல்வெட்டியலார் போதும். அந்த வாய்க்கால் எந்தச் சரிவில் ஓடியது என்று சொல்லப் பொறியாளர் வேண்டும். இன்று அதில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பதை ஷட்டர் தூக்கும் லஸ்கரும் கடைமடை விவசாயியும் சொல்வார்கள்.

பொறியாளரிடம் வரைபடம் வாங்கிப் பின்னிணைப்பில் சேர்ப்பதும், கல்வெட்டிலிருந்து நாலு வரி கேட்டு வாங்கி முன்னுரைக்கு அழகு செய்வதும் கைமாற்று வாங்குவதுதான். அடுத்த துறையின் சான்று நம் முடிவைக் கவிழ்க்கக்கூடும் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு உட்காருவதே கூட்டாய்வு. அப்படி உட்கார்ந்தவர்களின் பெயர்கள் அட்டையில் சமமாக வர வேண்டும். தகவல் தந்த லஸ்கரின் பெயரும், அவர் சம்மதித்தால், நன்றியுரைக்குள் ஒதுங்கிவிடக் கூடாது.

காவிரிப் பாசனம் பற்றிய கட்டுரைகளை வரவேற்கிறோம். நிபந்தனைகள் இரண்டு: குறைந்தது இரண்டு துறையினர் சேர்ந்து எழுத வேண்டும், யார் சொல்லி யாருடைய கருத்து மாறியது என்று ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.