தங்கத்தை விடுங்கள், துகள்களை எண்ணுங்கள்

"ஈயம் தங்கமாக மாறியது!" 2025 மே மாதம் உலக நாளேடுகளையும் சமூக ஊடகங்களையும் சுற்றிவந்த செய்தி இது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில், 2015 முதல் 2018 வரை ஏறக்குறைய 86 பில்லியன் தங்க அணுக்கருக்கள் உருவானதாக ஆலிஸ் ஆய்வுக்குழு கணக்கிட்டது. எடை போட்டால் 29 பிக்கோகிராம். ஒரு கிராமை டிரில்லியன் பங்காக்கி, அதில் 29 பங்கு! மஸ்ஜிட் இந்தியா நகைக்கடைக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உண்மையில் இந்தத் தங்கம் மோதலில் பிறக்கவே இல்லை. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் இரண்டு ஈய அணுக்கருக்கள் ஒன்றையொன்று தொடாமல் உரசினாற்போல் கடக்கும்போது, ஒன்றின் மின்காந்தப் புலம் மற்றதைத் தாக்குகிறது. 82 புரோட்டான்களில் மூன்று தெறித்துப் போனால் மிஞ்சுவது 79. அதுதான் தங்கம். கணப்பொழுதில் அதுவும் குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிவிடும். இப்படி எத்தனை ஈய அணுக்கருக்கள் வீணாகின்றன என்பது மோதுவியை இயக்குபவர்களுக்குத் தேவையான கணக்கு. அவ்வளவுதான்.

பெரிய விந்தை நேருக்கு நேர் மோதலில் நடக்கிறது. இரண்டு ஈய அணுக்கருக்களிலும் சேர்த்து 416 புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. ஆனால் மோதலிலிருந்து வெளிவரும் மின்னூட்டத் துகள்களோ சுமார் 20,000! இயக்க ஆற்றலே பொருளாக மாறுகிறது. படிவம் ஆறில் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர்களுக்கு இதைவிட நல்ல செயல்முறை விளக்கம் கிடைக்காது. அந்தத் தீக்கோளத்துக்குள் வெப்பமானியை நுழைக்க முடியாது. எந்தவகைத் துகள் எத்தனை வந்தது என்று எண்ணித்தான் வெப்பத்தை அறிகிறார்கள். துகள்கள் உருவாகும் கட்டத்தில் அது சுமார் 1.8 டிரில்லியன் பாகை, சூரியனின் மையத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். அதற்கு முந்திய கணத்தில், பெருவெடிப்புக்குப் பிந்திய முதல் சில மைக்ரோ வினாடிகளில் இருந்ததுபோல, குவார்க்குகள் கட்டவிழ்ந்து ஒரு திரவமாக ஓடுகின்றன.

இதில்தான் ஒரு சிக்கல். அன்றாடப் பொருள்களில் காணப்படாத 'ஸ்ட்ரேஞ்ச்' குவார்க்குகள் கொண்ட துகள்கள் அதிகரிப்பதை இந்தத் திரவத்தின் அடையாளமாக நெடுங்காலம் கருதினார்கள். ஆனால் 2017இல் ஆலிஸ் குழு, துகள்கள் மிகுதியாகத் தெறிக்கும் வெறும் புரோட்டான் - புரோட்டான் மோதல்களிலும் அதே அதிகரிப்பைக் கண்டது. அப்படியானால் இந்தத் திரவத்தின் மிகச் சிறிய துளி எவ்வளவு பெரியது? இதற்கு விடை தேடத்தான், 2025 ஜூலையில் முதன்முறையாக ஆக்சிஜன் அணுக்கருக்களை இந்த மோதுவியில் மோதவிட்டார்கள். ஆக்சிஜனில் 16 துகள்கள். புரோட்டானுக்கும் ஈயத்துக்கும் இடைப்பட்ட அளவு. தங்கச் செய்திக்கு இரண்டே மாதம் கழித்து நடந்த இதை எத்தனை பேர் கவனித்தோம்?

ஆய்வகமே தங்கத்தை முன்னிறுத்தியது. 91 கிலோமீட்டர் சுற்றளவில் அடுத்த மோதுவி வேண்டுமா என்று உறுப்பு நாடுகள் விவாதிக்கும் நேரத்தில் மக்களின் கவனம் தேவைதான். ஆனால் தங்கத்தைக் காட்டினால், "இவ்வளவு செலவுக்கு 29 பிக்கோகிராமா?" என்ற கேள்விதான் திரும்பி வரும். மலாயாப் பல்கலைக்கழகம் அதே மோதுவியின் சிஎம்எஸ் சோதனையில் பங்கேற்கிறது. அந்தக் கேள்வியை நம் வரிசெலுத்துநர்களும் கேட்கலாம். அப்போது காட்ட வேண்டியது ஆக்சிஜன் மோதலின் துகள் கணக்கை.