பகல் கல்யாணப் பந்தி: விதைக்கும்போதே முடிவு செய்யுங்கள்

முகூர்த்தம் முடிந்த கையோடு வரவேற்பையும் அன்று பகலிலேயே நடத்திவிடுவது சிறு விவசாயக் குடும்பங்களுக்கு ஏற்ற ஏற்பாடு. மண்டப வாடகை ஒரு நாளோடு முடிகிறது. விளக்கு அலங்காரச் செலவு குறைகிறது. வெளியூர் உறவினர் பொழுது சாயுமுன் ஊர் திரும்பலாம். மாடு கன்று வைத்திருப்பவர் மாலைக் கறவைக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் இப்படி மிச்சப்படும் பணம் பெரும்பாலும் பந்தியில் கரைந்துவிடுகிறது. அதைத் தடுக்க வழி உண்டு. பந்தியில் என்ன போடுவது என்பதைச் சமையல்காரரின் பட்டியல் முடிவு செய்யக்கூடாது. விவசாயியின் நிலமும் பருவமும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு பந்தி எதற்கு?

காலை ஏழரை மணிக்குப் பலகாரப் பந்தி, பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டுப் பந்தி என்று இரண்டு வைப்பது வழக்கம். எட்டு மணிக்கு இட்லி, பொங்கல், வடை சாப்பிட்டவருக்குப் பதினொன்றரைக்குப் பசிக்காது. மரியாதைக்கு உட்கார்ந்து, நாலு வாய் உண்டு, இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பார். அந்த இலையில் கிடப்பது யாரோ ஒரு விவசாயியின் நெல், பருப்பு, காய்.

பகல் வரவேற்புக்கு முற்பகல் 10 மணி முதல் 1 மணி வரை ஒரே பந்தி போதும். பலகாரத்தில் இரண்டும் சாப்பாட்டில் இரண்டும் ஒரே இலையில் வரட்டும். விடியலில் வருவோருக்குச் சுக்கு மல்லிக் காப்பி கொடுக்கலாம். குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுவோர் ஆகியோருக்கு மட்டும் முன்னதாகக் கொஞ்சம் இட்லி அவித்து வைத்தால் குறை இராது.

இலைக்கு இவை போதும்: வெல்லப் பாயசம், வெண்பொங்கல், மெதுவடை, சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம், ஊறுகாய், வாழைப்பழம். கடைசியில் ஒரு குவளை மோர்.

எண்ணிக்கைதான் செலவு

ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் அரிசி சுமார் 100 முதல் 125 கிராம். இலையில் பத்து வகை வைத்தாலும் இருபத்தைந்து வகை வைத்தாலும் வயிறு ஒன்றுதான். ஆனால் சமையல்காரர் ஒவ்வொரு வகையையும் வந்தவர் அத்தனை பேருக்கும் எட்டும்படியே சமைப்பார். ஆகவே வகை கூடக் கூட மீதியும் கூடுகிறது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆடம்பரத்துக்காகச் சேர்க்கும் வகைகளால் ஓர் இலைக்கு 100 ரூபாய் கூடினால், 500 பேருக்கு 50,000 ரூபாய். அதை மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 12,000 ரூபாய். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அந்த விலைக்கு ஐந்து குவிண்டாலுக்கு மேல் நெல் விற்றால்தான் வட்டி அடையும். அசல் அப்படியே நிற்கும். மொய் வரும் என்று நம்பிக் கடன் வாங்குவதும் சரியல்ல. மொய் வரவு அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

பருவத்துக்கு ஏற்ற காய்

கல்யாணத் தேதி பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் முன்பே தெரிந்துவிடும். ஒரு பந்தியின் காய்க்குப் பத்து சென்ட் நிலம் ஒதுக்க அந்த அவகாசம் தாராளம். கத்தரி, நாற்று விட்டதிலிருந்து சுமார் மூன்று மாதத்தில் பறிப்புக்கு வரும். கொத்தவரைக்கு இரண்டு மாதம். வெண்டைக்கு 45 நாள். நடவு செய்த சின்ன வெங்காயம் 65 முதல் 70 நாளில் அறுவடையாகும். கீரையைக் கல்யாணத்துக்கு 25 நாள் முன்பு விதைத்தால் போதும். பரங்கியை முன்கூட்டியே காய்க்கவிட்டு, முற்றியதைப் பறித்து வைத்தாலும் கெடாது.

தை மாதக் கல்யாணத்துக்கு மொச்சை, அவரை, பரங்கி, சேனை ஆகியவை கைகொடுக்கும். அந்த மாதத்தில் முருங்கைக்காய் விலை ஏறிவிடும்; சாம்பாரில் அதை விட்டுவிடலாம். சித்திரை, வைகாசியில் முருங்கை மலிவு, மாங்காயும் கிடைக்கும். கோஸ், காரட், பீன்ஸ் ஆகியவை மலையிலிருந்து லாரி ஏறி வருபவை. சமவெளியில் காய் விளைந்து நிற்கும்போது அவற்றைத் தேடிப் போவானேன்?

வாழை இலை சொந்தத் தோட்டத்தில் இருந்தால் ஆதாயம். ஆனால் பூத்துத் தார் போட்ட மரத்தில் இலை அறுப்பது நட்டம், தார் பெருக்காது. குலை தள்ளாத மரத்திலும் பக்கக்கன்றிலும் மட்டும் அறுக்க வேண்டும்.

அரிசியும் சிறுதானியமும்

அறுவடையானதும் அரைத்த புது அரிசி சாதத்துக்குக் குழையும். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் அதுவே பொருத்தம். சாம்பார் சாதத்துக்கு ஆறு மாதமாவது பழகிய அரிசி வேண்டும். ஆகவே சென்ற போக நெல்லில் இரண்டு மூட்டையைக் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன் பிறகு விருந்துகளில் சிறுதானியம் போடுவது ஒரு நாகரிகமாகவும் ஆகியிருக்கிறது. மானாவாரியில் சாமையோ தினையோ விளைவிப்பவர் தினைப் பாயசம் அல்லது சாமைத் தயிர் சாதம் என்று ஒரு வகை வைப்பது பெருமைக்குரியது. விளைவிக்காதவர், நாகரிகத்துக்காக அரிசியைவிட அதிக விலை கொடுத்துக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

அசைவ விருந்து போடும் வீடுகளுக்கும் இதே விதிதான். 20 கிலோ உயிர் எடையுள்ள கிடாயில் சுமார் பத்துக் கிலோவுக்குள்தான் கறி தேறும். இதைக் கணக்கில் வைத்து, கறி வகை ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சூடு குறையக்கூடாது

பகல் பந்தியில் பெரிய அபாயம் வெயில். விடியற்காலை மூன்று மணிக்கு இறக்கிய சாம்பாரும் பொங்கலும் ஆறிய நிலையில் நண்பகல் வரை இருந்தால் கெட்டுப்போகும். சூடாகப் பரிமாறும் பண்டம் 60 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரேயடியாகச் சமைக்காமல் ஒன்பது மணிக்கு ஒரு அடுப்பு, பதினொரு மணிக்கு மறு அடுப்பு என்று சமைப்பது பாதுகாப்பு. இதில் இன்னொரு இலாபமும் உண்டு. கூட்டம் குறைவாக இருந்தால் இரண்டாம் அடுப்புக்கு உலையைக் குறைத்து வைக்கலாம். தயிர் சாதத்தைப் பால் அதிகமும் தயிர் கொஞ்சமும் விட்டுப் பிசைந்தால் பந்தி முடியும்வரை புளிக்காது. தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெடும். கோடைக் கல்யாணத்தில் பொங்கலுக்குச் சாம்பாரோடு நிறுத்திக்கொள்வது நலம்.

ஊர் என்ன சொல்லும்?

செலவுக்கெல்லாம் மூலகாரணம் இந்தக் கேள்விதான். இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பத்து வீட்டு விருந்தில் உண்டவர் தம் வீட்டு இலையைச் சுருக்கக் கூசுவது இயற்கை. பெண் வீட்டாருக்குச் சம்பந்தி வீட்டார் மனம் கோணுமோ என்ற அச்சமும் உண்டு. அதற்கு மருந்து, தாம்பூலம் மாற்றும் நாளிலேயே இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து இலையில் என்னென்ன என்று பேசி முடிப்பதுதான். பேசாமல் விட்டால் இரு தரப்பும் ஊகத்தின்பேரில் வகைகளைக் கூட்டிக்கொண்டே போகும். பேச்சை மாப்பிள்ளை வீட்டார் தொடங்கினால் இன்னும் சிறப்பு. குறைக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் கூடுதல்.

விருந்துக்கு வந்தவர் நினைவில் நிற்பது வகைகளின் எண்ணிக்கை அல்ல. பண்டம் சூடாக இருந்ததா, இரண்டாம் முறை கேட்டுப் போட்டார்களா, கடைசிப் பந்திக்கும் பாயசம் இருந்ததா என்பதுதான். இவை மூன்றும் சிறு விவசாயியால் முடிந்தவை. தன் கொல்லையில் காய்த்த கத்தரியும், தன் வயலில் விளைந்த அரிசியும், தன் மாட்டுத் தயிரும் பரிமாறுபவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. தை மாதத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் புரட்டாசியிலேயே விதைப் பையை எடுக்கட்டும். மணமக்கள் கடனில்லாமல் வாழ்க்கையைத் தொடங்குவதைவிடப் பெரிய சீர் வேறில்லை.