தன் வீட்டைத் தானே கட்டினால் யாருக்கு இலாபம்?

வீடு கட்டத் தொடங்கும் எந்தக் குடும்பத்தின் முன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. எந்த வேலையைத் தாங்களே செய்துகொள்வது, எந்த வேலைக்குத் தேர்ச்சி பெற்றவரைக் கூலிக்கு அழைப்பது என்பதே அது. கையில் பணம் உள்ளவருக்கு இது விருப்பத்தைப் பொறுத்தது. கிராமப்புற இந்தியாவின் விவசாயத் தொழிலாளிக்கோ அந்த விருப்பம் இல்லை. அவருக்கான முடிவை அரசு ஏற்கெனவே எடுத்துவிட்டது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் விதிகளின்படி பயனாளி தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். ஒப்பந்ததாரரை ஈடுபடுத்தக் கூடாது.

இவ்விதியை வரவேற்கும் குரல்கள் இடதுசாரி முகாமிலும் உண்டு. இடைத்தரகரின் கொள்ளை ஒழிகிறது, பணம் நேரடியாக மக்கள் கைக்குச் செல்கிறது என்பது அவர்களது வாதம். வேறு சிலரோ, வீடு கட்டித் தருவது அரசின் கடமை, ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிட்டு அரசு கைகழுவுகிறது என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பாதி உண்மையே. யார் கட்டுகிறார் என்பதைவிட, கட்டுபவரின் உழைப்புக்கும் தேர்ச்சிக்கும் யார் விலை கொடுக்கிறார் என்பதே அடிப்படைக் கேள்வி.

சதுர அடிக்கு 446 ரூபாய்

இந்திரா வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் சமவெளிப் பகுதிகளுக்கான உதவித்தொகை 2013-இல் 70,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2016-இல் திட்டம் புதிய பெயர் பெற்றபோது அது 1,20,000 ரூபாயானது. மலைப் பகுதிகளுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 1,30,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோதும் அதே தொகைதான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் சிமெண்ட், கம்பி, மணல், கூலி என அனைத்தும் ஏறின. உதவித்தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

திட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு, சமையலிடம் உட்பட, 25 சதுர மீட்டர். அதாவது 269 சதுர அடி. 1,20,000 ரூபாயை இதனால் வகுத்தால் சதுர அடிக்கு 446 ரூபாய் வருகிறது. கழிப்பறைக்கு 12,000 ரூபாயும், வேலை உறுதித் திட்டத்தின் கீழ் 90 நாள் கூலியும் தனியே கிடைக்கும் என்று 2016-இன் வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. நாள் கூலியை 300 ரூபாய் என்று கொண்டு அவற்றையும் சேர்த்தால்கூட மொத்தம் 1,59,000. சதுர அடிக்கு 591 ரூபாய். அண்மையில் ஒரு சுவரேனும் எழுப்பிய எவருக்கும் இத்தொகை கட்டுமானப் பொருளுக்கே போதாது என்பது தெரியும்.

கொடுத்ததிலும் ஒரு பகுதியை அரசு திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை சிமெண்ட் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடு. மூட்டை 350 ரூபாய் விலையில் 100 மூட்டை வாங்கிய குடும்பம், சிமெண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 7,650 ரூபாய் வரி செலுத்தியது. பெருநிறுவனங்கள் சொகுசு மாளிகைகளுக்கு வாங்கும் சிமெண்டுக்கும், குடிசையை மாற்றிக் கட்டும் விதவைத் தாய் வாங்கும் சிமெண்டுக்கும் ஒரே வரி. இப்போது அது 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது; ஏழைக்கு அதிலிருந்தும் விலக்கு இல்லை.

மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று கடன்: கந்துவட்டிக்காரரிடமும் நுண்கடன் நிறுவனத்திடமும் வாங்குவது. மற்றொன்று, எந்த ஏட்டிலும் பதிவாகாத குடும்ப உழைப்பு. கணவன் அஸ்திவாரம் தோண்டுகிறார். மனைவி செங்கல் சுமக்கிறார். மகள் பள்ளிக்குப் போகாமல் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அந்த நாட்களில் வெளியே கிடைத்திருக்கக்கூடிய கூலியும் போகிறது. ‘தற்சார்பு’ என்று அரசு விளம்பரம் செய்வது இந்த ஊதியமற்ற உழைப்பைத்தான்.

ஏங்கெல்ஸ் சுட்டிக்காட்டிய கண்ணி

இது புதிய தந்திரமன்று. 1872-இல் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதிய ஏங்கெல்ஸ், ஜெர்மனியின் கிராமப்புற வீட்டுத் தொழிலாளரை எடுத்துக்காட்டினார். அவர்களுக்குச் சொந்த வீடும் சிறு தோட்டமும் இருந்தன. அதனாலேயே அவர்களது கூலி மிகத் தாழ்ந்திருந்தது. தன் துண்டு நிலத்தில் குடும்பம் பாடுபட்டு ஈட்டியதை, முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொண்டார். உடைமை விடுதலை தரவில்லை. மாறாகத் தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டது.

தன் வீட்டை ஓய்வு நாளில் தானே கட்டிக்கொள்ளும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். உழைப்புச் சக்தியின் மதிப்பில் குடியிருப்புச் செலவும் அடங்கும். அச்செலவைக் கூலி வழியாக முதலாளியும் ஏற்கவில்லை, பொதுநிதி வழியாக அரசும் முழுமையாக ஏற்கவில்லை என்றால், அது தொழிலாளியின் ஓய்வு நேரத்திலிருந்து பறிக்கப்படுகிறது. சொந்த உழைப்பில் எழுந்த வீட்டின் மீது அவருக்குள்ள பெருமிதம் உண்மையானது. அந்தப் பெருமிதத்தைக் கூலிக் குறைப்புக்குத் திரையாக்குவதையே எதிர்க்க வேண்டும்.

ஒப்பந்ததாரரே விடையா?

அப்படியானால் அனைத்தையும் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்துவிடலாமா? இதற்கு நாட்டின் இரண்டு பேரழிவுகள் பதில் சொல்கின்றன.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களை நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். மண்சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்களும், அவற்றின்மேல் ஏற்றியிருந்த கனத்த மண்கூரைகளுமே பெரும்பாலோரைக் கொன்றன. மிகவும் சிதைந்த 52 கிராமங்கள் புதிய இடங்களுக்கு மாற்றப்பட்டு, ஒப்பந்ததாரர்களாலும் கொடையாளர் அமைப்புகளாலும் கட்டப்பட்டன. வீடுகள் வரிசையாக எழுந்தன. ஆனால் கால்நடைக்கும் தானியத்துக்கும் கலப்பைக்கும் இடம் வேண்டிய விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கை அந்தக் கட்டங்களுக்குள் எளிதில் அடங்கவில்லை.

2001 ஜனவரி 26-இல் கட்ச் நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தில் வேறு வழி பின்பற்றப்பட்டது. இடிந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றை உரிமையாளர்களே கட்டினர். ஆனால் அவர்கள் தனியே விடப்படவில்லை. பணம் தவணைகளாக வந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்துச் சான்றளித்த பிறகே அடுத்த தவணை. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்கு நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. இந்த முறையிலும் வாடகைதாரர்களும் பட்டா இல்லாதவர்களும் பின்தள்ளப்பட்டனர் என்பதை மறக்கலாகாது. எனினும் அனுபவம் கற்பிப்பது தெளிவு: முடிவெடுக்கும் உரிமை குடியிருப்பவரிடம் இருக்க வேண்டும், தொழில்நுட்பப் பொறுப்பு பொது அமைப்பிடம் இருக்க வேண்டும்.

எந்த வேலை யார் கையில்?

இன்றைய ஊரகத் திட்டத்தில் முதல் பாதி இருக்கிறது; இரண்டாம் பாதி பெயரளவில்தான் உள்ளது. கட்டத்துக்குக் கட்டம் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றினால் தவணை வருகிறது. சுவர் எழுந்ததைப் புகைப்படம் காட்டும். சுவருக்குள் கம்பி இருக்கிறதா, கலவையில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பதைக் காட்டாது.

சில வேலைகளை எந்தக் குடும்பமும் செய்யலாம். அஸ்திவாரக் குழி தோண்டுவது, மண் நிரப்பித் திமிசு போடுவது, செங்கல்லை நனைப்பது, சுமப்பது, வெள்ளையடிப்பது ஆகியவை அத்தகையவை. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமெண்டானால் 10 நாளும் விடாமல் ஈரம் காப்பதும் அதில் சேரும். ஆனால் இவையும் உழைப்பே, கூலிக்கு உரியவையே. நீர் ஊற்றுவது ‘வீட்டு வேலை’ என்று பெண்களின் தலையில் கட்டப்படுவது, சமையலையும் துணி துவைப்பதையும் போல இன்னொரு கணக்கில்லா வேலையாகிறது.

வேறு சில வேலைகளில் தேர்ச்சியின்மைக்கு விலை உயிர்தான். அஸ்திவாரத்தின் ஆழத்தை மண்ணைப் பார்த்து முடிவு செய்வது, தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக எழுப்புவது, மூலைகளைப் பிணைப்பது, அடித்தள மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுற்றுக் கட்டு போடுவது, தளத்துக்குக் கம்பி கட்டிச் சென்ட்ரிங் அடிப்பது, எர்த் இணைப்புடன் மின்கம்பி இழுப்பது ஆகியவை அவை. வேலை எளிதாகட்டும் என்று கலவையில் கூடுதலாக ஊற்றும் ஒரு குடம் தண்ணீர்கூடத் தளத்தின் வலுவைக் குறைக்கும். இவ்வேலைகளைக் குடும்பமே செய்தால் மிச்சமாகும் கூலி, கசியும் கூரையாகவும் விரிசல் விட்ட சுவராகவும் திரும்பி வருகிறது. தேர்ச்சியைக் கூலி கொடுத்துப் பெறுவது ஆடம்பரமல்ல. அதற்கு வேண்டிய பணத்தை ஏழைக்கு மறுப்பது, பாதுகாப்பற்ற வீட்டை அவருக்கு ஒதுக்குவதாகும்.

கொத்தனாரும் தொழிலாளியே

இதில் மறைந்துபோகும் மற்றொருவர் கொத்தனார். உதவித்தொகை போதாதபோது குடும்பம் முதலில் பேரம் பேசுவது அவரது கூலியையும் சித்தாளின் கூலியையும்தான். ஏழையின் வீட்டுக்கு விலை குறைவாக வைத்த அரசு, இரண்டு ஏழைகளை நேருக்கு நேர் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சட்டமும் இங்கே விலகி நிற்கிறது. 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தன் குடியிருப்புக்காக ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் செய்யும் கட்டுமானத்தை விலக்கி வைத்தது. 2020-இல் நிறைவேற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியது. ஏழைக் குடும்பத்திடம் நல நிதிக்கான தீர்வை வசூலிக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் 50 லட்சத்தில் வீடு கட்டுபவர் ஏழையல்லர். அந்த வீட்டில் சாரத்திலிருந்து விழும் தொழிலாளிக்கு மட்டும் எந்தப் பொறுப்பாளியும் இல்லை.

பயிற்சி கிடைத்தால் நிலைமை மாறும் என்பதற்கு ஜார்க்கண்ட் சான்று. கொத்தனாரை ‘ராஜ் மிஸ்திரி’ என்றழைக்கும் அம்மாநிலத்தில், கழிப்பறை கட்டும் பணியில் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் ‘ராணி மிஸ்திரி’ எனப் பெயர் பெற்றனர். காலமெல்லாம் சித்தாளாகக் கலவை சுமந்தவர்களின் கையில் கரணை வந்தது. ஊரக வீட்டுத் திட்டத்திலும் 45 நாள் கொத்தனார் பயிற்சிக்கு இடமுண்டு. அதை ஒவ்வோர் ஊராட்சிக்கும், பெண்களுக்கு முன்னுரிமையுடன், உதவித்தொகையோடு கொண்டுசெல்லக் கோரும் கடமை தொழிற்சங்கங்களுக்கு உண்டு.

மூன்றாவது வழி

தனித்தனிக் குடும்பமும் தனியார் ஒப்பந்ததாரரும் மட்டுமே எதிரெதிர்த் தேர்வுகள் அல்ல. 1972-இல் கேரளத்தில், வீட்டு வசதி அமைச்சர் எம்.என்.கோவிந்தன் நாயரின் முயற்சியில் ஒரு லட்சம் வீடுகள் திட்டம் தொடங்கியது. நிலமற்ற விவசாயத் தொழிலாளருக்காகத் தன்னார்வ உழைப்பும் நன்கொடையும் திரண்டன. அது மகத்தான இயக்கம். ஆனால் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட அந்தச் சிறிய இரட்டை வீடுகள் பிற்காலத்தில் சிதைந்து, புதுப்பித்துக் கட்ட வேண்டியதாயிற்று. உற்சாகம் தரத்துக்கு ஈடாகாது என்ற பாடத்தையும் அதிலிருந்து கற்க வேண்டும்.

அக்குறையை நிரப்பும் முயற்சிகளும் அங்கேயே தோன்றின. முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இணைந்து 1985-இல் உருவாக்கிய ‘காஸ்ட்ஃபோர்டு’, சுவருக்குள் வெற்றிடம் விட்டுச் செங்கல்லைச் சிக்கனப்படுத்தும் முறை, தளத்தின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறை ஆகியவற்றைப் பரப்பியது. செலவு குறைந்தது தொழிலாளியின் கூலியில் கைவைத்தல்ல; பொருளை அறிவோடு பயன்படுத்தியதால். அதற்கும் வெகுமுன்னரே, 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், முதலாளி இல்லாமலே தொழிலாளர்கள் பெரும் கட்டுமானங்களை எடுத்து முடிக்க முடியும் என்று ஒரு நூற்றாண்டாக நிரூபித்து வருகிறது. அம்மாநிலத்தின் ‘லைஃப்’ திட்டம் ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வழங்குகிறது. ஒன்றியத் தொகையின் பற்றாக்குறைக்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இயக்கத்தின் முன்னுள்ள பணிகள்

உதவித்தொகையை உண்மையான கட்டுமானச் செலவோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். குடும்ப உழைப்புக்கு முழுக் கூலி கணக்கிட்டு வழங்க வேண்டும். நிலமற்றோருக்கு முதலில் மனை தர வேண்டும். ஊராட்சிதோறும் பொறியாளரும் பயிற்சி பெற்ற கொத்தனார் குழுவும் இருக்க வேண்டும். அக்குழுக்கள் கூட்டுறவாக அமைந்து, நல வாரியப் பாதுகாப்புடன் இயங்க வேண்டும். சிமெண்டும் கம்பியும் பயனாளிகளுக்கு வரியின்றிக் கிடைக்க வேண்டும். இக்கோரிக்கைகளில் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கட்டுமானத் தொழிலாளர் சங்கமும் ஒன்றாக நிற்க முடியும், நிற்க வேண்டும்.

கோரிக்கை மனுவோடு பணி முடிவதில்லை. ஒரு கிளையின் எல்லைக்குள் பாதியில் நிற்கும் வீடுகள் எத்தனை, எந்தக் கட்டத்தில் நிற்கின்றன, எவ்வளவு கடன் ஏறியிருக்கிறது, கொத்தனாருக்குக் கூலி பாக்கி உண்டா என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பது எந்தத் தோழர்க்கும் இயலும் வேலை. அந்தக் கணக்கு ஊராட்சி மன்றக் கூட்டத்தில் வாசிக்கப்படும் நாளில், கட்டுபவரும் குடியிருப்பவரும் எதிரெதிரே நின்று பேரம் பேசுவது நின்று, இருவரும் ஒரே பக்கத்தில் நின்று கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.