வேன் வேண்டாம், முகாம் வேண்டும்

மழைக்காலத்தில் சாரணியர் முகாம் இனி வேண்டாம் என்று பெற்றோர் சிலர் கூறி வருகின்றனர். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டுகிறோம்.

சென்ற நவம்பரில் முடிச்சூர் தாண்டி, மணிமங்கலம் ஏரிக்கு அப்பால், மின்விளக்கில்லாத தோப்பு ஒன்றில் இரண்டு நாள் தங்கச் சென்றோம். (நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியோடு போரிட்ட மணிமங்கலம்தான். அந்த யானைகளுக்கு டயர் இல்லை!) தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் திரும்பும்போதே, திண்ணையிலிருந்த பாட்டி, "வண்டி போவாதும்மா" என்றார். நாங்கள் சிரித்தோம். மேலே மண் காய்ந்துதானே இருந்தது!

பாதி தூரத்தில் வேன் அமிழ்ந்தது. ஓட்டுநர் வேகம் கொடுக்கக் கொடுக்க, சக்கரம் சுழன்று தன் குழியைத் தானே ஆழமாகத் தோண்டிக்கொண்டது. களிமண் டயரின் பட்டன்களுக்கிடையே அடைத்துக்கொண்டால் டயர் வழவழவென்று ஆகிவிடும். பிறகு பிடிப்பு ஏது? சக்கரத்தின் முன்னால் மண்ணை வாரி, தென்னை மட்டையும் கோணிப்பையும் போட்டுத் தள்ளியும் பயனில்லை. இருட்டிய பின் ஒரு டிராக்டர் வந்து இழுத்தது. வீட்டில் அம்மாக்கள் அழுதுவிட்டார்களாம்.

இதில் மழையின் குற்றம் என்ன? ஒருவராவது இறங்கி நடந்து பார்த்தோமா? குதிகாலை ஊன்றினால் கால் புதைகிற இடத்தில் வேனும் புதையும். இதை அறிய ஒரு நிமிடம் போதும்.

முகாமை நிறுத்திவிட்டால் சேறு எங்களை விட்டுவிடுமா? குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருக்களில் பள்ளி ஆட்டோ சிக்குவது எங்களுக்குப் புதிதன்று. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. அன்று சின்னஞ்சிறுமிகளாயிருந்த எங்களைத் தோளில் சுமந்தார்கள். இன்று அப்படி ஒரு மழை வந்தால் தம்பி தங்கையரை நாங்கள் சுமக்க வேண்டாமா? எந்த மண் காலைத் தாங்கும் என்பதை வகுப்பறைக்குள் எப்படிக் கற்பது?

எனவே, வேன் தார்ச்சாலையிலேயே நிற்கட்டும். அரை கிலோமீட்டர் நாங்கள் நடக்கிறோம். சாம்பார் அண்டா கனம்தான், இருவராகத் தூக்குவோம். மண்வெட்டியும் இரண்டு பலகையும் வேனிலேயே இருக்கும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் நாங்களே மூட்டையை அவிழ்த்துவிடுவோம். பாட்டி சொல்லையும் கேட்போம்.

இவற்றையெல்லாம் எழுதி, வரும் நவம்பருக்கு அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சிஸ்டர் படித்துவிட்டார்கள், இன்னும் கையெழுத்திடவில்லை.