தறிகெட்ட இரண்டும் ஒன்றானால்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சென்றிருக்கும் நேயர்களுக்கு விசைத்தறியின் சத்தத்தை நாம் வருணிக்க வேண்டியதில்லை. ஒரே கொட்டகையில் பல தறிகள் ஓடும்போது காது கொடுத்துக் கேட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். இரண்டு தறிகள் சிறிது நேரம் ஒரே தாளத்தில் அடிக்கும், மெல்ல விலகும், மறுபடியும் சேரும். அவை ஒன்றையொன்று அநுசரிக்கின்றன என்று நாம் எண்ணிவிடலாகாது. அது வெறும் தற்செயல். ஒன்றை நிறுத்தினாலும் மற்றது தன் போக்கில் அடித்துக் கொண்டேயிருக்கும்.

மெய்யான ஒத்திசைவு வேறு. 1665-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஹைகன்ஸ், உடல் நலமின்றிப் படுத்திருந்தபோது, அறையிலிருந்த இரண்டு ஊசல் கடியாரங்களைக் கவனித்தார். ஒன்று வலப்புறம் போனால் மற்றது இடப்புறம் போகும், இம்மியும் பிசகாது. வேண்டுமென்றே அவற்றைக் கலைத்துப் பார்த்தார். அரைமணி நேரத்தில் மீண்டும் பழையபடி கூடிவிட்டன! இரண்டும் தொங்கிய சட்டத்தின் வழியே, கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று கொண்டிருந்தது. கலைத்தால் மீண்டும் கூடுமா என்பதே பரீட்சை. நமது தறிகள் இந்தப் பரீட்சையில் தேறமாட்டா.

கடியாரமோ பரம சாது. முற்றும் தறிகெட்டு ஆடும் இரண்டு பொருள்கள் ஒத்துப் போகுமா? இங்கே தறிகெட்டது என்று நாம் சொல்வது விதியில்லாதது என்ற பொருளில் அல்ல. விதி உண்டு. ஆனால் ஆரம்பத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அது பெருகிப் பெருகி இரண்டையும் வெவ்வேறு திக்கில் கொண்டு போய்விடும். இதையே குழப்ப இயக்கம் என்கிறார்கள். இத்தகைய இரண்டு ஒன்றுபடுவதாவது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆயினும் ஜப்பானில் புஜிஸாகா, யமாடா ஆகியோர் 1983-லும், அமெரிக்காவில் பெக்கோரா, காரல் ஆகியோர் 1990-லும், தக்கபடி பிணைத்தால் அவையும் ஒன்றுபடும் என்று நிரூபித்தார்கள்.

மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரி, சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஓரமாக ஓடித் திருச்சிராப்பள்ளியை அடைகிறதல்லவா? அந்தத் திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சி வெகு சிறப்பாக நடந்தது. பேராசிரியர் லட்சுமணனும் முரளியும், அமெரிக்காவிலுள்ள லியான் சுவாவுடன் சேர்ந்து, 1994-இல் ஒரு மின்சுற்றை வெளியிட்டார்கள். மூவர் பெயராலும் அது உலகெங்கும் வழங்குகிறது. ஒரு கம்பிச் சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, சீராக ஏறி இறங்கும் மின்னழுத்தம், சுவா டயோடு என்ற உறுப்பு ஒன்று, இவ்வளவே. இந்த எளிய சரக்கிலிருந்து முழுக் குழப்பமும் பிறக்கிறது. கோடிக்கணக்கில் பணம் இருந்தாலன்றி விஞ்ஞானம் நடவாது என்று புலம்புவோர் இதைச் சற்று யோசிக்கட்டும்.

இத்தகைய சுற்றுகள் இரண்டைச் செய்து, ஒரு மின்தடையால் பிணைத்து, ஒன்றின் மின்னழுத்தத்தைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் ஆஸிலாஸ்கோப்பில் காட்டினால், பிணைப்பு வலுவாயிருக்கும்போது திரையில் சாய்வான ஒரே கோடு தெரியும். இரண்டும் ஒன்று! பிணைப்பு மிகவும் தளர்ந்தால் கோடு கலைந்து வெறும் மேகம். விசேஷம் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கோடு அமைதியாக நிற்கும், திடீரென்று உதறும், மறுபடியும் அமைதி. எப்போது உதறும் என்று சொல்ல முடியாது.

காரணம் யாதெனில், பிணைப்பு சராசரியில் ஜயித்தாலும், பாதையில் சிற்சில இடங்களில் பிரிவினையே ஜயிக்கிறது. கடையில் வாங்கும் இரண்டு மின்தடைகள் ஒருபோதும் அச்சாக ஒன்றாயிரா. அந்தச் சிறு பேதம் அங்கே பெரிதாகிவிடுகிறது. பிணைப்பு எல்லையை ஒட்டியிருக்கும்போது இதற்கு ஒரு கணக்கும் உண்டு: நான்கு மடங்கு நீண்ட அமைதி, ஏறக்குறைய எட்டு மடங்கு அரிது. அரிதே ஒழிய, இல்லாததன்று. ஆகையால் வெகுநேரம் அமைதியாயிருந்தது என்பதைக் கொண்டு, ஒற்றுமை உறுதியாகிவிட்டதென்று தீர்மானிக்க இடமில்லை.

மின்சார வலைக்கும் இது தூரத்து உறவு. மேட்டூர் மின்நிலையத்துச் சக்கரங்கள் குழப்ப இயக்கிகளல்ல. ஆயினும் அவையும் பிணைப்பினால்தான் மற்ற நிலையங்களோடு விநாடிக்கு 50 சுற்று மின்னோட்டத்தில் ஒத்து ஓடுகின்றன. 2012 ஜூலையில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தென்னாடு தப்பியது. அப்போது நமது வலை வடக்கோடு நேர் மின்னோட்டத்தால் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது, ஒத்திசைவு இல்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–ஷோலாப்பூர் கம்பி வழியாக அதுவும் ஏற்பட்டது. தளர்ந்த பிணைப்பு நழுவும். இறுகிய பிணைப்பில் ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவு காண்பது என்ஜினீயர்களின் தலைவலி.

மார்க்கு வாங்குவதில் நாமக்கல் பள்ளிக்கூடங்களுக்கு உள்ள கியாதி நாடறிந்தது. திருச்செங்கோட்டைச் சுற்றிலும் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆஸிலாஸ்கோப்பும் அங்கே உண்டு. கோடு உதறும் வரையில் பொறுத்திருந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். பரீட்சைக்கு வராத பாடமென்று மாணவர்களை விரட்டாமலிருந்தால் சரி.