பட்டினி என்ன தகுதிச் சான்றிதழா?

தனுஷ்கோடியில் ஷூட்டிங் பார்த்திருக்கிறீர்களா? குடைக்குக் கீழே மானிட்டர், அதன் முன்னால் டைரக்டர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். நடுவில் வெயிலில் கறுத்து, கையில் பேப்பர் கட்டோடு மணலில் ஓடிக்கொண்டே இருப்பார் ஒரு பையன். கிளாப் அடிப்பவர் அவர்தான். முந்தின ஷாட்டில் ஹீரோயினின் முந்தானை எந்தத் தோளில் இருந்தது என்று குறித்து வைப்பவர் அவர்தான். வெளிச்சம் போய்விட்டால் திட்டு வாங்குபவரும் அவர்தான். அசிஸ்டென்ட் டைரக்டர்.

சம்பளம் எவ்வளவு தம்பி என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் பதில்.

பாம்பன் டீக்கடை ஒன்றில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். மீனவர் வீட்டுப் பிள்ளை, டிகிரி முடித்தவர். "அசிஸ்டென்ட் டைரக்டரா ஜெயிக்கணும்னா என்ன சார் வேணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னார்: "பசி தாங்கணும்ப்பா." கடையே தலையாட்டியது. எனக்குக் கோபம் வந்தது.

அவர் மேல் இல்லை. நம் மேல். வாரப் பத்திரிகைகளில் இத்தனை வருஷமாக நாம் என்ன எழுதினோம்? வடபழனி ரூமில் ஏழு பேர், குழாய்த் தண்ணீர், ஒரு பன், பிறகு வெள்ளி விழா! படித்துவிட்டு நீங்களும் கண் கலங்கினீர்கள். அதே ரூமில் இருந்த மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று நாமும் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் சென்னையில் யாரால் இருக்க முடியும்? மாதாமாதம் அப்பா பணம் அனுப்புகிறவரால் முடியும். படகுக் கடன் இருக்கிற வீட்டுப் பையன் ஆறாவது மாசம் ராமேஸ்வரம் ரயில் ஏறிவிடுவான். அவனுக்குத் திறமை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். ஆக, பட்டினி திறமையைச் சலித்து எடுப்பதில்லை. அப்பாவின் பாக்கெட்டைத்தான் சலித்து எடுக்கிறது.

இதே ராமநாதபுரம் மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனும் இளைஞராக இருந்தபோது தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை பார்த்தவர்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால் 1960-ல் வந்த 'களத்தூர் கண்ணம்மா' இருந்தது. வக்கீல் அப்பா இருந்தார். பாம்பன் பையனுக்கு வலைதான் இருக்கிறது.

சரி, பாக்யராஜ்? பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்தவர், 1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்துக்கு வசனம் எழுதினார். அடுத்த வருஷமே 'புதிய வார்ப்புகள்' படத்தில் ஹீரோ. அவரை ஜெயிக்க வைத்தது பசி இல்லை சார். எழுதத் தெரிந்தவன் கையில் பேனாவைக் கொடுத்த குருநாதர்.

இப்போது கடலுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மே மாசம் நடக்கிற கதையில் ஹீரோ விசைப்படகில் ஜாலியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் பிடிக்கப் போனால் சென்னைக்கு உறைக்காது. பாம்பன் பையனுக்கு உறைக்கும். எது ஆண்கடல், எது பெண்கடல், கச்சான் அடித்தால் எந்தப் பக்கம் படகு இறக்கலாம் என்பதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), 'ராமேஸ்வரம்' (2007), 'செங்கடல்' (2011) என்று இந்தக் கரையின் துயரத்தைத் தேடிச் சினிமா வந்துகொண்டேதான் இருக்கிறது. கதைக்குக் கரை வேண்டும். கரைக்காரன் மட்டும் கூட்டத்தை ஒதுக்கக் கயிறு பிடித்தால் போதுமா?

"சார், இந்த சீன் தப்பு" என்று சொல்கிறவன்தான் நல்ல உதவியாளர். ஆனால் சாப்பாட்டுக்கே அடுத்தவர் முகம் பார்க்கிறவன் எப்படிச் சொல்வான்? "ஓகே சார்" என்றுதான் சொல்வான். நஷ்டம் அவனுக்கு மட்டுமா? காசு கொடுத்து டிக்கெட் வாங்கி அந்தத் தப்பைப் பார்க்கிற உங்களுக்கும்தான்.

சினிமாவில் அதெல்லாம் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் குறைந்த ஊதியத் திரைத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. அதை உள்ளடக்கி 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. கோடிகளுக்கு அக்ரிமென்ட் போடத் தெரிந்த கம்பெனிகளுக்கு, கிளாப் அடிக்கிற பையனுக்கு ஒரு பக்கம் டைப் அடிக்க மட்டும் பேப்பர் கிடைக்காதா?

டீ ஆறுவதற்குள் அந்தப் பாம்பன் தம்பியிடம் மூன்றே விஷயம் சொன்னேன். கிளாப், கன்டினியுட்டி, ரிப்போர்ட் ஆகிய மூன்றையும் தப்பில்லாமல் கற்றுக்கொள். உன் கடலைப் பற்றித் தினம் ஒரு பக்கம் எழுது, அதுதான் உன் முதலீடு. வேலைக்குச் சேரும் நாளில், சம்பளம் எவ்வளவு, என்றைக்கு என்று கேள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். கேட்டதற்காகப் போகிற வாய்ப்பு, கேட்காமல் இருந்தாலும் சோறு போடாது.

உங்களிடம் ஒன்றுதான். அடுத்த முறை ஒரு டைரக்டர் தன் பட்டினிக் கதையைச் சொல்லும்போது கைதட்டுங்கள், தப்பில்லை. கையோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "இப்போ உங்க அசிஸ்டென்ட் சாப்பிட்டாச்சா சார்?"